ஜப்பானிய மொழிப் பட்டமும் வேலைத் திறனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், சாந்திநிகேதனில் உள்ள விசுவபாரதி போன்ற இடங்களில் ஜப்பானிய மொழியைப் பட்டப்படிப்பாகப் படித்துவிட்டு வருகிறவர்கள், தன்விவரக் குறிப்பில் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுகிறார்கள்: ‘ஜே.எல்.பி.டி. என்2 தேர்ச்சி’, அதாவது ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் இரண்டாவது உயர்ந்த நிலையில் தேர்ச்சி. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற திறன்களை ஒரு சான்றிதழுக்குள் சுருக்கிவிடுவதையே முதல் தவறாகக் கருதுகிறேன். என்5 முதல் என்1 வரை 5 நிலைகள் கொண்ட அத்தேர்வில் சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவையே சோதிக்கப்படுகின்றன. பேச்சும் இல்லை, கட்டுரை எழுதுவதும் இல்லை. வேலை தருபவர் எதிர்பார்ப்பதோ பெரும்பாலும் அவ்விரண்டையும்தான். செய்த மொழிபெயர்ப்பு, ஜப்பானிய மொழியில் ஆற்றிய கருத்தரங்க உரை, விருந்தினருக்கு உரைபெயர்ப்பாளராக உடன்சென்ற நாள்கள் ஆகியவற்றைப் படிப்பவருக்கு விளங்கும்படி விரித்து எழுத வேண்டும்.

‘கெய்கோ’ எனப்படும் மரியாதை வழக்கை வெறும் இலக்கணப் பாடமாக எண்ணி, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது இன்னும் பெரிய தவறு. வெளி நிறுவனத்தார் ஒருவர் தொலைபேசியில் தனாகா என்பவரைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனாகா நம் மேலாளரே ஆனாலும், பெயரோடு ‘சான்’ என்னும் மரியாதை ஒட்டைச் சேர்க்காமல், ‘தனாகா இப்போது இருக்கையில் இல்லை’ என்று பணிவு வினையோடு சொல்வதே அங்கு முறை. ஏனெனில் வெளியாரிடம் பேசும்போது நம் நிறுவனத்தார் அனைவரும் நம் வீட்டார் போன்றவர்கள், அவர்களைத் தாழ்த்திச் சொல்வதே எதிரில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை. மேலாளரின் பெயரை ‘சார்’ இல்லாமல் சொல்ல நமக்கு நா எழாது. ஆனால் யார், யாரிடம், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை நொடியில் எடைபோடும் இப்பழக்கம், வேறு மொழியில் நடக்கும் அலுவலகத்திலும் கைகொடுக்கும். அதேபோல், ‘பரிசீலிக்கிறோம்’ என்று பொருள்படும் ‘கென்தோ ஷிமாஸ்’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குத் தெரிவித்துவிடக் கூடாது. பல வேளைகளில் அது நாசூக்கான மறுப்பு.

எண்களைப் பலரும் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். ஜப்பானியர்கள் பத்தாயிரத்தை ‘மான்’ என்றும், பத்துக் கோடியை ‘ஒகு’ என்றும் எண்ணுகிறார்கள். ஆகவே அவர்களின் ‘ஹ்யகுமான்’ நமக்குப் பத்து லட்சம். உரைபெயர்ப்புப் பணியின் தொடக்க காலத்தில் ஒரு விலைப் பேச்சுவார்த்தையில் ‘இச்சி ஒகு’ என்பதை நான் ஒரு கோடி என்று சொல்லிவிட்டேன். இரு தரப்பினரின் முகமும் மாறிய பிறகே தவறு புரிந்தது. அன்று முதல் பெரிய தொகை எதுவானாலும் தாளில் இலக்கமாக எழுதிக் காட்டிவிட்டே பேசுகிறேன்.

கடைசியாக, தமிழைப் புறக்கணிப்பது. ஜப்பானிய வாக்கியத்தை மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, பிறகு தமிழாக்குவது வீண் சுற்று. இரு மொழிகளிலும் வினை இறுதியில் வருகிறது, வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, நேராகவே மாற்றலாம். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உற்பத்திக் கூடத்தில் நின்று பேசுபவருக்குத் தொழிலாளர்களின் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் ‘ஃபுர்யோ’ என்று சுட்டுவதை ‘குறைபாடுடைய பொருள்’ என்று பெயர்த்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘ரிஜெக்ட்’ என்றால் இயந்திரத்தின் மேலிருக்கும் கை உடனே நிற்கிறது.