.45-70 தோட்டாவைக் கையால் நிரப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் எங்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்கு வருகிற தமிழ்ப் பையன்கள் ஒவ்வொருவராக .45-70 லீவர் துப்பாக்கி (விசையருகே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றுவது) வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். கடையில் தோட்டா விற்கிற விலையைப் பார்த்ததும், சுட்ட பித்தளைக் கூட்டில் பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்துத் தாங்களே தோட்டா செய்துகொள்ள பிரஸ், டை என்ற அச்சு, தராசு என்று ஒரு மேசையையே நிரப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, என் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில் அவர்களும் வரிசையாக இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வெடிமருந்து மேசையருகே சிகரெட் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும், இரண்டு மருந்து டப்பாக்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் எந்தக் கையேட்டின் முதல் பக்கங்களிலும் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. அதை அச்சிட்ட கையேட்டில்தான் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இது அமெரிக்காவில் சட்டத்துக்கு உட்பட்டுச் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்பவர்களுக்காக எழுதியது.

.45-70 என்றால் ஒரே தோட்டாதான் என்று நம்புவது

மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை தோட்டாவையும் நேரத்தையும் வீணாக்கும். இது துப்பாக்கியை உடைக்கும், கையையும் கண்ணையும் எடுக்கும். ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா இது. .45 அங்குல விட்டம், 70 கிரெய்ன் கரிமருந்து, 405 கிரெய்ன் ஈயக் குண்டு, அதாவது சுமார் 26 கிராம். அதற்கென்று வந்த ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியின் பின்பக்கம் கீல் வைத்த மூடிபோல மேலே திறக்கும். டிராப்டோர் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கரிமருந்தின் மிதமான அழுத்தத்துக்கு அந்த மூடி போதும். பிறகு 1886இல் வின்செஸ்டர் நிறுவனம் ஜான் பிரவுனிங் வடிவமைத்த வலுவான லீவர் துப்பாக்கியை இதே தோட்டாவுக்குக் கொண்டுவந்தது. 1972இல் மார்லின் தன் 1895 மாடலைப் புதிதாக வெளியிட்டது. ரூகர் நம்பர் 1 என்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி இவை எல்லாவற்றையும்விடக் கெட்டியானது. நான்கிலும் நுழைவது ஒரே தோட்டா. ஆனால் நான்கும் தாங்குகிற அழுத்தம் ஒன்றல்ல.

பழைய டிராப்டோர்கள் இன்னும் வீடுகளில் இருப்பதால், எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற தர அமைப்பு .45-70க்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டுதான். கையால் நிரப்புபவர்களுக்கான கையேடுகள் இந்தத் தோட்டாவுக்கு மட்டும் மூன்று தனிப் பகுதிகள் போடும். முதலாவது டிராப்டோருக்கு. இரண்டாவது மார்லின் போன்ற இக்கால லீவர் துப்பாக்கிகளுக்கு, ஏறத்தாழ 40,000 வரை. மூன்றாவது ரூகர் நம்பர் 1 போன்றவற்றுக்கு, 50,000 அளவில். கையேட்டுக்குக் கையேடு எண்கள் சற்று மாறும், பிரிவு மாறாது. இந்த ஆபத்தை உற்பத்தியாளர்களே எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு .450 மார்லின் தோட்டாவைப் பாருங்கள். 2000இல் தோட்டா தயாரிக்கும் ஹார்னடியும் மார்லினும் சேர்ந்து கொண்டுவந்தது. கனமான .45-70 செய்கிற அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது. அதன் கூட்டின் அடியில் ஒரு அகலப் பட்டை உண்டு. அதனால் பழைய .45-70 துப்பாக்கியில் அது நுழையவே நுழையாது.

சென்ற இலையுதிர் காலத்தில் ரேஞ்சில் ஒரு தம்பி மார்லினில் சுட்டுக்கொண்டிருந்தான். ஒரு தோட்டாவுக்குப் பிறகு லீவர் திறக்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டுவதைப் பார்த்துப் பக்கத்தில் போனேன். என்ன போட்டாய் என்று கேட்டதும் போனை நீட்டினான். யாரோ அனுப்பிய கையேட்டுப் பக்கத்தின் படம். குண்டின் எடை, மருந்தின் பெயர், அளவு, வேகம் எல்லாம் தெளிவாக இருந்தன. பக்கத்தின் தலைப்பு மட்டும் படத்தில் இல்லை, வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அவன் பார்த்தது மூன்றாவது பகுதி.

"புக்ல இருக்கறதத்தான் அண்ணா போட்டேன்" என்றான். உண்மைதான். தராசு சரி, மருந்து சரி, குண்டு சரி. துப்பாக்கி மட்டும் வேறு.

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது அவனுடைய தோட்டாப் பெட்டியைப் பார்த்தபோது. மேலே ஒட்டிய டேப்பில் ".45-70" என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்து இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. எந்தத் துப்பாக்கிக்கு என்பதும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அவர் தாத்தா காலத்து டிராப்டோர் ஒன்று இருப்பதாகவும், அடுத்த வாரம் அவருக்குக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று இருப்பதாகவும் சாதாரணமாகச் சொன்னான். அந்த மூடிக்குப் பின்னால்தான் அந்தப் பெரியவரின் முகம் இருக்கும். அன்று சாயங்காலமே உட்கார்ந்து அத்தனை தோட்டாவிலும் குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டவைத்தேன். அவனுக்கு என்மேல் வருத்தம்தான். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் அடங்குவதில்லை. ஏனென்றால் இதே படமும் இதே பெட்டியும் ஆள் மாறி ஆள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன.

போல்ட் துப்பாக்கியிலிருந்து (பக்கக் கைப்பிடியைத் திருப்பி இழுத்துத் திறப்பது) வருபவர்களிடம் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. அழுத்தம் கூடினால் பிரைமர் தட்டையாகிக் காட்டிக் கொடுக்கும், அதுவரை ஏற்றலாம் என்பது. போல்ட் துப்பாக்கித் தோட்டாக்கள் பல 60,000 அளவில் ஓடுபவை. பிரைமர் தட்டையாவதும் அந்த வட்டாரத்தில்தான். 28,000க்குச் செய்த துப்பாக்கியில் பிரைமர் தட்டையாகும்வரை காத்திருந்தால் அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். லீவர் விறைப்பாகத் திறக்கிறது என்றால் அது முதல் எச்சரிக்கை அல்ல, நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

கூட்டின் அகலமும் கணக்கில் வரும். லீவர் துப்பாக்கிகளில் பழக்கமான இன்னொரு தோட்டாவான .30-30 கூட்டின் அடிப்பகுதி .422 அங்குலம், .45-70 கூட்டினுடையது .505 அங்குலம். பரப்பளவாகப் பார்த்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல். அதே அழுத்தத்தில், தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிற விசையும் அந்த அளவுக்குக் கூடும். 1972 மார்லின் 1895 உருவானதே .30-30க்குப் பேர்போன 336 மாடலின் உடலிலிருந்துதான். நல்ல துப்பாக்கி, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு.

இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கி என்ன கிடைக்கிறது? 405 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,330 அடி வேகத்தில் கடைத் தோட்டாவாகவே கிடைக்கிறது. பன்றிக்கும் மானுக்கும் கருங்கரடிக்கும் நியாயமான தூரத்தில் அது போதும். ஏழு பவுண்டுத் துப்பாக்கியில் அதற்கு மேல் ஏற்றினால் தோள் வலிக்கும், விசையை இழுக்கும்போதே கண் மூடும், குறி தவறும். காயத்தோடு ஓடிப்போன பன்றியை முள்ளுக்காட்டில் தேடிப் போவது யாருக்கும் நல்லதல்ல.

ஆக, கையேட்டில் முதலில் பகுதித் தலைப்பைப் படியுங்கள். படம் எடுத்தால் தலைப்போடு எடுங்கள். பெட்டியில் குண்டு, மருந்து, அளவு, பிரைமர், தேதி, எந்தத் துப்பாக்கிக்கு என்பது ஆறும் இருக்கட்டும்.

வேறொருவர் நிரப்பிய தோட்டாவைச் சுடுவது

யார் கொடுத்தாலும் சுடாதீர்கள்.

குழாய் மேகசினில் கூர்முனைக் குண்டு

லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருக்கும் குண்டின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சுடும்போது வரும் உதைப்பில் முனை கூராக இருந்தால் பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால்தான் தட்டை முனை. உருண்டை முனையிலும் பிரைமரைவிட அகலமான தட்டைப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹார்னடியின் ரப்பர்போல வளையும் சிவப்பு முனைக் குண்டு இதற்கு விதிவிலக்கு. அது குழாய்க்கென்றே செய்தது. கடினமான பிளாஸ்டிக் முனையுள்ள மற்றக் குண்டுகளை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னொன்று: அந்தக் குண்டு நீளமானது என்பதால் அதற்கான கூட்டை வழக்கமான 2.105 அங்குலத்துக்குப் பதிலாக 2.040 அங்குலத்துக்கு வெட்டியிருப்பார்கள். சுட்ட கூடுகளைப் பொறுக்கி எல்லாவற்றோடும் கலந்துவிட்டால், குட்டைக் கூட்டில் கிரிம்ப் (குண்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை மடிப்பது) சரியாக விழாது. தனி டப்பாவில் வையுங்கள்.

துருத்தி நிற்கும் பிரைமர்

விரல் நுனியால் ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். தட்டுப்பட்டால் அந்தத் தோட்டா மேகசினுக்குப் போகாது.

கிரிம்ப் இல்லாமல் விடுவது, கிரிம்ப்பை மட்டுமே நம்புவது

உதைப்பு வரும்போது குழாயில் இருக்கும் தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், ஸ்பிரிங்கும் முன்னாலிருந்து தள்ளும். குண்டு கூட்டுக்குள் இறங்கிவிட்டால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். அல்லது தோட்டாவைக் குழாயிலிருந்து மேலே தூக்கும் லிஃப்டரில் மாட்டிக்கொள்ளும். அதற்காக குண்டில் இருக்கும் பள்ளத்தில் கூட்டின் வாயை நன்றாக மடிக்க வேண்டும். ஆனால் மடிப்பை மட்டும் இறுக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். பாதிப் பிடி கூட்டின் கழுத்திலிருந்து வர வேண்டும். கழுத்தை விரிக்கும் முளை பருமனாக இருந்தால் எவ்வளவு மடித்தாலும் குண்டு ஆடும். முடிந்த தோட்டாவை மேசை விளிம்பில் வைத்துக் குண்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். அசைந்தால் முளையை மாற்றுங்கள்.

கூடுகளின் நீளம் ஒன்றுபோல இல்லாவிட்டால் கிரிம்ப்பும் ஒன்றுபோல விழாது. நீளமான கூட்டில் அது அளவுக்கு மீறி மடிந்து வயிற்றைப் பிதுக்கும், பிறகு குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் நுழையாது. வெட்டிச் சமப்படுத்துவது சலிப்பான வேலைதான், செய்துதான் ஆக வேண்டும்.

பெரிய கூடு, கொஞ்சம் மருந்து

கரிமருந்துக்காகச் செய்த கூடு என்பதால் புகையில்லா மருந்து போட்டால் உள்ளே நிறைய இடம் மிஞ்சும். மெல்லிய உதைப்பு வேண்டும் என்று வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தைக் கொஞ்சமாகப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த அளவை இரண்டு முறை கொட்டினாலும் கூடு வழியாது, கண்ணுக்கும் தெரியாது. சுட்டால் தெரியும். தொடங்குகிறவர்கள் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டாவது முறை கொட்டினால் மேசையில் வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். எதுவாயினும், குண்டு வைக்கும் முன் ஐம்பது கூடுகளையும் பலகையில் நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பாருங்கள்.

.45 என்று எழுதியிருப்பதெல்லாம் பொருந்தும் என்பது

.45-70க்கு .458 அங்குலக் குண்டு. .45 கோல்ட் கைத்துப்பாக்கிக் குண்டு .452. விலை மலிவு என்று வாங்கிவந்தால் குழலுக்குள் தளர்வாகப் போய் எங்கோ விழும்.

.458 வின்செஸ்டர் மேக்னத்துக்கான குண்டு விட்டத்தில் பொருந்தும். ஆனால் அது ஆப்பிரிக்கப் பெருவிலங்குகளுக்கு, விநாடிக்கு 2,000 அடியைத் தாண்டிய வேகத்துக்குச் செய்தது. .45-70 வேகத்தில் மான்மீது பட்டால் விரியாமல் ஊசிபோல நுழைந்து வெளியேறிவிடும். மறுபக்கம், பழைய மெதுவான தோட்டாக்களுக்குச் செய்த 300 கிரெய்ன் குழிமுனைக் குண்டை வேகமாக ஏற்றினால் தோளெலும்பிலேயே சிதறும். குண்டு எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டது என்று பெட்டியிலோ கையேட்டிலோ பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் வினை இது.

வார்த்த ஈயக் குண்டு போடுபவர்கள் குழலுக்குள் மென்ஈயத்தைத் தட்டி இறக்கி அதன் உள்விட்டத்தை அளந்துவிட்டு, அதைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். குண்டைச் சுழலவைக்கும் வரிகள் ஆழம் குறைந்து உள்ள பழைய மார்லின் குழல்களில் இது இன்னும் முக்கியம். சிறிய குண்டு வரிகளைப் பிடிக்காமல் சறுக்கி, ஈயத்தைக் குழல் முழுக்கப் பூசிவிடும்.

கழுத்தை மட்டும் அழுத்திச் சீராக்குவது

சுட்டதில் விரிந்த கூட்டின் கழுத்தை மட்டும் சுருக்குவது போல்ட் துப்பாக்கிக்குச் சரி. லீவருக்குக் கூட்டை நெம்பி உள்ளே தள்ளும் பலம் கிடையாது. முழு நீளமும் டையில் இறக்குங்கள்.

முதல் நாளே நூறு நிரப்புவது

புதுக் குண்டு வாங்கியதும் அடுக்கடுக்காக நிரப்பிவிட்டு, ரேஞ்சுக்குப் போன பிறகுதான் தோட்டா லிஃப்டரில் ஏறவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். மொத்த நீளம் 2.550 அங்குலத்தைத் தாண்டினால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். குண்டின் முனை வடிவம் மாறினால் அந்த நீளத்துக்குள்ளும் சிக்கலாம். மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டா நாலைந்து செய்யுங்கள். நிஜத் தோட்டாவோடு கலந்துவிடாமல் இருக்கக் கூட்டின் பக்கத்தில் துளை போட்டுவிடுங்கள். குழாயில் நிரப்பி, லீவரை மெதுவாகவும் வேகமாகவும் இயக்கிப் பாருங்கள். எல்லாம் தடையின்றி ஏறி இறங்கிய பிறகு கையேட்டின் தொடக்க அளவில் ஐந்து நிரப்புங்கள். அந்த ஐந்தையும் சுட்டு, கூடு, பிரைமர், லீவரின் இயக்கம் மூன்றையும் பார்த்துவிட்டு அடுத்த ஐந்துக்குப் போங்கள்.