இதய நோயாளிகளுக்கு நன்கொடை: எங்கே, எப்படித் தருவது?

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பம் ஒன்று இதய அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு வந்தால், நன்கொடையாளர் முதலில் கேட்க வேண்டியது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர்களிடம் இருக்கிறதா என்பதே. 2022 ஜனவரி முதல், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இத்திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அட்டை இல்லாதவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்றுத் தந்து, குடும்ப அட்டை, ஆதார் நகல்களுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையம் வரை உடன்செல்வது, பல நேரங்களில் பண உதவியைவிடப் பயன் தரும். பிறவி இதயக் குறையுள்ள சிறாருக்கு, 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம் 18 வயது வரை வழிகாட்டுகிறது. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடமே தகவல் சொல்லலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பணம் திரட்டுவது எளிது. கண்ணீரோடு நிற்கும் பெற்றோரின் படம் ஒன்றே போதும். அதற்குப் பின் வரும் செலவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. இதயத்தில் ரத்தம் ஒரே திசையில் ஓடச் செய்யும் கதவு போன்ற வால்வு பழுதாகி, அதற்குப் பதில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். அதன் அளவு கூடினால் ரத்தக்கசிவும், குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டியும் ஏற்படக்கூடும் என்பதால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி. ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையைக் குறித்த இடைவெளிகளில் செய்துகொண்டே இருக்க வேண்டும். தினக்கூலி வேலை செய்பவருக்குப் பரிசோதனைக் கட்டணத்தோடு பேருந்துச் செலவும் அன்றைய கூலி இழப்பும் சேர்கின்றன. ஆகவே, ஒரே தவணையில் பெருந்தொகை தருவதைவிட, ஒரு நோயாளியின் தொடர் பரிசோதனையை மாதந்தோறும் ஏற்பதே மேல் என்பது என் கருத்து.

தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பாதிக்கப்படும் சிறுவர்களுக்கும் இது பொருந்தும். 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பல ஆண்டுகள் தவறாமல் போடப்படும் பென்சாத்தின் பெனிசிலின் ஊசி, காய்ச்சல் மீண்டும் வருவதையும் வால்வு மேலும் கெடுவதையும் தடுக்கிறது. ஊசியின் விலை சிறிது. தவணை தவறாமல் பிள்ளையை அழைத்துச் செல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்வதுதான் கடினம். ஊர்ச் சங்கங்கள் இதை எளிதில் செய்யலாம்.

ஆராய்ச்சிக்குத் தர விரும்புவோருக்குப் பொறுமை வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா செயற்கை வால்வு, முந்தைய மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்ற பிறகே, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிட மலிவாகக் கிடைத்த அந்த வால்வு, எந்தத் தனி நன்கொடையும் எட்ட முடியாத எண்ணிக்கையிலான ஏழைகளை எட்டியது. எனவே ஆறு மாதத்தில் பலன் கேட்காமல், ஆய்வுத் திட்டத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, முடிவுகள் சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடப்படுமா என்று கேட்பதே பொருத்தம்.

எதற்குத் தந்தாலும் பணத்தை இடைத்தரகரிடமோ உறவினர் கணக்கிலோ செலுத்தாமல், மருத்துவமனை முத்திரையிட்ட செலவு மதிப்பீட்டுக் கடிதத்தைப் பெற்று, அதிலுள்ள நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்த வேண்டும். அறக்கட்டளைக்குத் தருவதானால் அதன் பதிவுச் சான்றையும், தணிக்கை செய்யப்பட்ட கடந்த ஆண்டுக் கணக்கையும் கேட்டுப் பார்க்கலாம். கணக்குக் காட்டத் தயங்குமிடத்தில் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. 80ஜி என்று அறியப்படும் வரிச் சலுகை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்குக் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அது அறவே இல்லை. திரட்டிய தொகை காப்பீடு கிடைத்ததால் மிஞ்சினால் அடுத்த நோயாளிக்குப் போகுமா, நன்கொடையாளருக்குத் திரும்புமா என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.