வேதாகம வனாந்தரத்துக்குப் போகேக்க விசுவாசக் குறிப்பு எழுதிறது எப்பிடி: கொழும்புப் பிள்ளையளுக்கு

சீனாய், நெகேவ், யூதேயா வனாந்தரம், யோர்தான் பக்கம் நேபோ மலை எண்டு வெளிக்கிடுற தம்பி தங்கச்சிமாருக்கு முதல் ஒண்டு சொல்றன், போற இடத்தில உங்கட உணர்ச்சியை எழுத அவசரப்படாதேங்கோ, கண்ணுக்கு முன்னால கிடக்கிற நிலத்தை எழுதுங்கோ. கல்லு என்ன நிறம், நிழல் எங்க இருக்கு, காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது, கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள், இவ்வளவும் எழுதினாப் பிறகு அந்த இடத்துக்குரிய அதிகாரத்தை முழுசா வாசியுங்கோ, கடைசியிலதான் கர்த்தரோட கதைக்கிற மாதிரி நாலு வரி. இந்த ஒழுங்கு மாறினா வெள்ளவத்தையில வீட்டில இருந்தே எழுதக்கூடிய வசனங்கள்தான் கொப்பியில வரும்.

கொப்பி எண்டு சொன்னது சும்மா இல்ல, போனில எழுதாதேங்கோ, வெயிலுக்கு ஸ்க்ரீன் தெரியாது, போனும் கொதிக்கும், ஒரு மெசேஜ் வந்தா மனம் அதோட போயிடும். போக முதலே யாத்திராகமம் 16, 17, 1 இராஜாக்கள் 19, சங்கீதம் 63, ஆதியாகமம் 21, லூக்கா 10 எல்லாத்தையும் கையால எழுதி வச்சிருங்கோ.

எங்களுக்கு தண்ணி இல்லாத நிலம் எண்டா என்னெண்டு உடம்புக்குத் தெரியாது. கொழும்பில வருஷத்துக்கு 2400 மில்லிமீட்டர் அளவில மழை, சாக்கடல் கரையில 100ஐக் கூடத் தாண்டாது. மத்தியதரைக் கடலில இருந்து வாற மழையை எருசலேம் மலைகள் மேற்குப் பக்கத்திலயே வாங்கிப்போடும், கிழக்குச் சரிவுக்கு மிஞ்சிறது கொஞ்சம்தான். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல 750 மீட்டர் அளவில இருக்கு, சாக்கடல் கரை 430 மீட்டருக்கும் கூடக் கீழ, அந்த இறக்கத்தில எரிகோ ரோட்டில போகேக்க நல்ல சமாரியன் கதையை வாசிச்சுப் பாருங்கோ, அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்த வெயிலில எவ்வளவு நேரம் இருந்திருக்கும் எண்டு கேள்வி தானா வரும், அந்தக் கேள்வியை அப்பிடியே எழுதுங்கோ, பதில் தேட வேண்டாம்.

உடம்பைப் பாருங்கோ. எங்கட ஊரில வேர்த்தா ஒட்டும், அங்க வேர்வை உடன காஞ்சிடும், தண்ணி போறது விளங்காது. தாகம் வர முதலே குடியுங்கோ, ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) பக்கெட் நாலைஞ்சு கொண்டு போங்கோ, மலைப்பக்கம் மழை எண்டு கேள்விப்பட்டா நீங்கள் நிக்கிற இடத்தில வெயில் எறிச்சாலும் காஞ்ச ஆத்துப் பள்ளங்களுக்குள்ள இறங்காதேங்கோ, வெள்ளம் திடீரெண்டு வரும் (சங்கீதம் 126இல வாற தெற்கத்தி வெள்ளம் இதுதான்). இதெல்லாம் விசுவாசத்துக்கு வெளியில உள்ள விஷயம் எண்டு நினைக்காதேங்கோ. 1 இராஜாக்கள் 19இல எலியா தீர்க்கதரிசி பெயெர்செபாவுக்கு அங்கால ஒரு நாள் நடந்து சூரைச்செடிக்குக் கீழ இருந்து சாகவேணும் எண்டு கேட்டவர், அவருக்கு முதல் கிடைச்சது பிரசங்கம் இல்ல, நித்திரை, அப்பம், தண்ணி, பிறகு திரும்பவும் நித்திரை, திரும்பவும் சாப்பாடு. கர்த்தரின்ர மெல்லிய சத்தம் கேட்டது எவ்வளவோ பிறகு ஓரேப் மலையிலதான். அதனால களைச்சுப்போய் இருந்தா எழுதாதேங்கோ, சாப்பிட்டுப் படுங்கோ, விடிய எழுதலாம்.

சீனாயில இருக்கிற ஜெபல் மூசா மலை 2285 மீட்டர், கனபேர் சூரிய உதயம் பாக்க இரவிலயே ஏறுவினம், மேல நல்ல குளிர், ஜாக்கெட் வேணும். உச்சியில சனம் நெரியும், எல்லாரும் படம் எடுப்பினம், அங்க எழுத வராது, இறங்கி வந்து புனித கத்தரீன் மடத்துக்குக் கிட்ட ஒரு நிழல் பிடியுங்கோ. இதுதான் மோசே ஏறின மலை எண்டுறது பாரம்பரியம், ஆராய்ச்சியாளருக்குள்ள வேற கருத்துகளும் இருக்கு, அதையும் மறைக்காம எழுதுங்கோ, விசுவாசம் அதால உடையாது. அந்த மடம் 6ஆம் நூற்றாண்டில யுஸ்தினியான் பேரரசர் காலத்தில கட்டினது, இவ்வளவு காலமா அங்க துறவிகள் ஜெபிச்சுக்கொண்டு இருக்கினம் எண்டதே எனக்குப் பெரிய சாட்சி. சாக்கடல் கரையில இருக்கிற என்கேதியில வரையாடும் குழிமுசலும் நேரிலயே பாக்கலாம், சங்கீதம் 104ஐ அங்க வாசியுங்கோ.

நான் எல்லாரையும் கட்டாயம் எழுதச் சொல்றது ஆகாரைப் பற்றித்தான். ஆதியாகமம் 21இல அவ ஆபிரகாம் வீட்டு வேலைக்காரப் பொம்பிளை, ஒரு துருத்தி (தோல் பை) தண்ணியோட பிள்ளையையும் குடுத்து அனுப்பிவிடுறாங்கள், பெயெர்செபா வனாந்தரத்தில தண்ணி முடிஞ்சுபோகுது, பிள்ளை சாகிறதைப் பாக்கேலாம தள்ளிப்போய் இருந்து அழுகிறா. கட்டுநாயக்கவில நீங்கள் பிளேன் ஏறேக்க வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போற எங்கட நாட்டு அக்காமாரும் அதே வரிசையில நிப்பினம், பிள்ளையை அம்மம்மாவோட விட்டிட்டு வந்தவை. அந்த நிலத்தில நிண்டு இந்த அதிகாரத்தை வாசிக்கேக்க அவையளின்ர முகம் வராட்டி திரும்ப வாசியுங்கோ. தேவதூதன் வானத்தில இருந்து ஆகாரை பேர் சொல்லிக் கூப்பிட்டார், தேவன் அவளின்ர கண்ணைத் திறந்தார், கிணறு தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவின்ர பேரை அந்தப் பக்கத்தில எழுதி அவவுக்காக ஜெபியுங்கோ, சொந்த ஆசீர்வாதத்தைப் பிறகு கேக்கலாம்.

சில நாள் ஒண்டுமே வராது. வேதாகமப் பூமியில நிண்டும் மனம் காஞ்சு கிடக்கும், பக்கத்தில நிக்கிறவர் கண்ணீரோட ஜெபிப்பார், உங்களுக்கு கால் நோகும். "இண்டைக்கு ஒண்டும் உணரேல்ல ஆண்டவரே" எண்டு திகதி போட்டு எழுதுங்கோ. இஸ்ரவேலர் ரெவிதீமில தண்ணிக்கு முறுமுறுத்ததையே வேதாகமம் மறைக்கேல்ல, உங்கட முறுமுறுப்பையும் மறைக்க வேண்டாம்.

திரும்பி வந்தா வாலிபர் ஐக்கியத்தில சாட்சி சொல்லக் கேப்பினம். கொப்பி முழுக்க வாசிக்காதேங்கோ, ஒரு இடம், ஒரு பக்கம் போதும், எழுதினபடியே வாசியுங்கோ, அழகாக்காதேங்கோ. ஆகாரின்ர பக்கத்தை வாசிச்சா, வெளிநாட்டில வேலை செய்யிற தங்கட ஆக்களின்ர பேரை ஒவ்வொருத்தரையும் சொல்லச்சொல்லி, எல்லாருமா சேர்ந்து அந்தப் பேர்களுக்காக ஜெபியுங்கோ.