எவர்சில்வர் பீப்பாயை நெல் அவிக்கும் கலமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார் போன்ற பாரம்பரிய நெல்லை இரண்டு மா, மூன்று மா என்ற சிறு நில அளவில் பயிரிடும் காவிரிப் படுகை விவசாயிக்கு அறுவடைக்குப் பின் வரும் முதல் சிக்கல், புழுங்கலரிசிக்காக நெல்லை அவிப்பதுதான். இரண்டு மூட்டை நெல்லைத் தனியாக அவித்துக் கொடுக்கப் பெரிய ஆலைகள் முன்வருவதில்லை. வீட்டில் இருந்த செப்பு அண்டாவோ எப்போதோ எடைக்குப் போயிருக்கும். இந்த நிலையில்தான் காயலான் கடையில் கிடந்த 50 லிட்டர் பீர் பீப்பாய் ஒன்றை நான் வாங்கினேன். மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் இதே பீப்பாயின் தலையை வெட்டி, பக்கவாட்டில் குழாய் பொருத்திக் கொதிகலமாக்குகிறார்கள். அந்தக் காய்ச்சலுக்கு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கே இடம் தராது. பட்டறை வேலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

உயிருக்கே ஆபத்தான தவறு, பீப்பாய் காலியாக இருக்கிறது என்று நம்பி உடனே வெட்டத் தொடங்குவது. பீர் தீர்ந்த பிறகும் உள்ளே கரியமில வாயு அழுத்தத்தோடு இருக்கக்கூடும். தலையில் உள்ள வால்வின் நடுப்பகுதியை ஒரு மரக்குச்சியால் அழுத்தி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, சீறல் முற்றிலும் நிற்கும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகே வால்வைப் பிடித்திருக்கும் வளையத்தை நெம்பி, அடி வரை நீளும் உள்குழாயை உருவ வேண்டும். அழுத்தம் இருக்கும்போது வளையத்தைக் கழற்றினால் அந்தக் குழாய் அம்பு போலப் பாய்ந்து வெளியேறும். பீப்பாயைக் கழற்றாமலே அடுப்பில் ஏற்றிப் பார்க்கும் விபரீத எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம், எவ்வளவு கழுவினாலும், இந்த வேலைக்கு ஆகாது.

மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை எவர்சில்வரை இரும்பு போல நடத்துவதால் வருபவை. என் பீப்பாயை வெட்டிய பட்டறையில், சற்று முன்பு ஜன்னல் கம்பி அறுத்துக்கொண்டிருந்த அதே ஏஜி4 மெஷினை (கையில் பிடித்து அறுக்கும் கிரைண்டர்), அதே அறுக்கும் தட்டோடு எடுத்து வந்து வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வெட்டு நேராக வந்தது, விளிம்பும் பளபளத்தது. ஆனால் இரண்டாம் முறை நெல் ஊறப் போட்டபோது விளிம்பைச் சுற்றிலும் கடுகு கடுகாகச் செந்நிறப் புள்ளிகள் தோன்றியிருந்தன. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று சொன்ன கடைக்காரர் பொய் சொல்லவில்லை. துருப்பிடித்தது அதன் மேல் பதிந்திருந்த இரும்புத் துகள். எவர்சில்வருக்கென்று தனித் தட்டு வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போவது நல்லது. இரும்பு நாரால் தேய்ப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். வந்துவிட்ட புள்ளிகளைச் சமையல்கட்டுப் பச்சை நாரால் தேய்த்து, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரில் ஊற வைத்து எடுத்தேன். அதன் பின் அவை திரும்பவில்லை.

குழாய்க்குத் துளை போடும் இடத்திலும் கவனம் வேண்டும். தண்ணீர் முழுவதும் வடிய வேண்டும் என்ற ஆசையில் பலரும் அடிவளைவிலேயே துளையிடச் சொல்கிறார்கள். வளைந்த பரப்பில் வாஷர் சமமாக உட்காராது, எத்தனை இறுக்கினாலும் ஒழுகும். வளைவு முடிந்து சுவர் நேராக நிற்கத் தொடங்கும் இடத்தில் துளையிட்டு, உள்பக்கம் அடியை நோக்கி வளைந்த ஒரு சிறு குழாயை மாட்டினால் மிச்சத் தண்ணீரும் வந்துவிடும். டிரில்லை வேகமாக ஓட விட்டு லேசாக அழுத்துவது மற்றொரு பிழை. பிட் வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் எவர்சில்வர் இறுகிக் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு பிட் வழுக்கிக்கொண்டு தேயுமே தவிர, உள்ளே இறங்காது. மெதுவான சுற்று, நல்ல அழுத்தம், அவ்வப்போது சில சொட்டு எண்ணெய், முதலில் சிறு துளை, பிறகு படிப்படியாகப் பெரிது என்பதே முறை.

குழாயை மாட்டும் சாக்கெட்டை ஆர்கான் வெல்டிங் வைப்பதானால், வெளிப்பக்கத் தையலின் அழகைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாமல் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பின்பக்கமும் ஆர்கான் வாயு செலுத்தாமல் பற்றவைத்திருந்தால், அங்கே கருகிய நாட்டுச்சர்க்கரை போல் சொரசொரப்பு படிந்திருக்கும். அந்தப் பொருக்கில் கஞ்சி தங்கிப் புளிக்கும், துருவும் அங்கிருந்துதான் கிளம்பும். இதைச் சரியாகச் செய்யும் ஆள் அருகில் இல்லையென்றால், வெல்டிங்கே இல்லாமல் இருபுறமும் நட்டும் சிலிக்கான் வாஷரும் வைத்து இறுக்கிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. சாதாரண ரப்பர் வாஷர் சூட்டில் பிசுபிசுத்துவிடும்; ஜி.ஐ. இரும்பு நிப்பிள் (இணைப்புத் துண்டு) மலிவு என்றாலும் அதன் துத்தநாகப் பூச்சு உணவுப் பாத்திரத்துக்கு உரியதன்று.

உள்ளே வைக்கும் ஓட்டைத் தட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இட்லிக் கொப்பரையின் வேலைதான் அது. தட்டுக்குக் கீழே தண்ணீர், மேலே ஊறிய நெல். ஓட்டைகள் நெல்லின் பருமனை விடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையேல் நெல் கீழிறங்கிக் குழாயை அடைக்கும். கலத்தின் அளவை மிகையாக மதிப்பிடுவதும் உண்டு. தண்ணீருக்கும் நெல் ஊறிப் பருப்பதற்கும் இடம் விட்டால், 50 லிட்டர் பீப்பாயில் கால் மூட்டை, அதாவது சுமார் 15 கிலோ நெல்தான் ஓர் ஈடு. ஆசைப்பட்டுத் திணித்தால் ஆவி மேலே ஏறாது. அடியில் நெல் வாய் பிளந்து குழைந்திருக்க, மேலே அரைவேக்காடாகக் கிடக்கும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் இடங்களில் வேலை முடிந்ததும் தண்ணீரைக் கலத்திலேயே விட்டுவிடக்கூடாது. உப்பு எவர்சில்வரையும் ஊசிக்குத்தாக அரிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாலும் அதே கதிதான்.

வெட்டியெடுத்த தலைத்தட்டுக்குக் கைப்பிடி வைத்து மூடியாக்கிக்கொள்ளலாம். ஆவி வீணாகிறதே என்று அதற்குக் கொக்கி போட்டு இறுக்கவோ, மேலே கல்லேற்றவோ கூடாது, வால்வு துளையை அடைக்கவும் கூடாது. நான் இப்போது மூடியையும் எடுத்துவிட்டு, அண்டாவுக்குப் போடுவது போல் ஈரச் சாக்கை மடித்துப் போடுகிறேன். சாக்கின் நடுப்பகுதியில் ஆவி கிளம்பி ஐந்தாறு நிமிடம் ஆனதும் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்து, வாய் பிளந்திருந்தால் இறக்கிவிடுகிறேன்.