மூன்று முறை கிழிந்த மூக்கு

கார் பந்தய வீரர் ஃபாஞ்சியோ 1957-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஜெயித்த மசராட்டி 250எஃப் பந்தயக் காரை 1:8 அளவு மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். நீளம் சுமார் அரை மீட்டர். உடல் முழுக்க 0.8 மி.மீ. அலுமினியத் தகடு, கையால் தட்டியதுதான்.

காரின் முன்முனையான மூக்கில் காற்று போகும் வாயின் விளிம்பை உள்ளே மடக்கும்போது விரிசல் விட்டது. தகட்டை மாற்றினேன், மறுபடியும் விரிசல். இரும்புச் சுத்தியலை விட்டு மரச் சுத்தியலுக்கு மாறியும் அதே கதை. சரி, சூடாக்கினால் இளகும் என்று கேஸ் டார்ச்சைப் பிடித்து, தகடு சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். அலுமினியம் சிவந்து காட்டாது. 660 டிகிரியில் நேராக உருகிவிடும். ஓட்டை விழுந்த பிறகுதான் உறைத்தது.

வழி கொடுத்தது துணி சோப்பு. தகட்டின் ஒரு பக்கம் சோப்பைத் தேய்த்து, மறுபக்கத்திலிருந்து டார்ச்சை நகர்த்திக்கொண்டே சூடு காட்டினேன். சோப்பு கறுத்ததும், சூடு போதும் என்று நிறுத்தி ஆறவிட்டேன். தகடு கையாலேயே வளைந்தது. தட்டத் தட்ட மீண்டும் இறுகும், அதனால் மூக்குக்கு மட்டும் நான்கு தடவை இப்படிச் செய்தேன்.

ஆனாலும் ஒரு முனையில் மயிரிழை விரிசல் வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், அது நான் ஊசியால் கீறிய அளவுக்கோட்டின் மேலேயே ஓடியிருந்தது! பழைய தகடுகளிலும் அப்படித்தான். இப்போது கோடு போட மார்க்கர் பேனாதான். வெட்டிய ஓரத்தின் பிசிறையும் எமரி தாளால் தேய்த்துவிட்டே மடக்குகிறேன். நான்காவது மூக்கு முழுசாக நிற்கிறது.