ஸ்பிரே டின்னுக்கு இளஞ்சூட்டு நீர்

1/24 அளவு மாதிரிக் காரின் உடற்பகுதிக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்குமுன், டின்னைக் கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்து, ஈரத்தைத் துடைத்து, நன்றாகக் குலுக்கிய பின் அடியுங்கள். சூட்டினால் உள்ளழுத்தம் கூடிப் பெயின்ட்டும் இளகுவதால், துளிகள் பொடியாகப் பிரிந்து, கதவுக் கோடுகளை அடைக்காமல் மெல்லிய படலமாகப் படிகின்றன. தோடம்பழத் தோல் போன்ற சொரசொரப்புக் குறைவதால், பிறகு தேய்த்து மினுக்கும் வேலையும், அதைவிட முக்கியமாக விலை கூடிய பெயின்ட்டும் மிச்சமாகின்றன.

வெப்பமான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், மட்டக்களப்பின் பகல் வெப்பத்தில் டின் தானாகவே சூடேறியிருக்குமாதலால், இது தேவையில்லை. அப்போது துளிகள் காற்றிலேயே காய்ந்து தூளாகப் படியும் அபாயமே பெரிது என்பதால், காலையில் அடிப்பது நல்லது. மாரியில் சிக்கல் வேறு. லக்கர் பெயின்ட்டின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்புக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் ஒடுங்குவதால் படரும் வெளுப்பை இந்த முறை தடுக்காது. மழை ஓய்ந்து வெயில் காயும் நாள்வரை பொறுத்திருப்பதே வழி.

கொதிநீரிலோ அடுப்பருகிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறக் கூடாதெனப் பெரும்பாலான டின்களிலேயே அச்சிட்டிருக்கும்.