மதுரையிலிருந்து மலையும் கடலும் பார்க்க ரயிலேறுவது எப்படி

சொகுசு ரயில் என்றதும் பேலஸ் ஆன் வீல்ஸ், மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ், கோல்டன் சாரியட் என்று பெயர்கள் வரிசையாக வரும். இந்த அரண்மனை ரயில்கள் பெரும்பாலும் இரவில்தான் ஓடும். பகலில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகளை ஏசி பஸ்ஸில் ஏற்றிக் கோயிலும் கோட்டையும் காட்டுவார்கள். கட்டில், குளியலறை, விருந்து எல்லாம் முதல் தரம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போக ஆசைப்படுகிறவருக்கு அந்தக் காசு வீண். காட்சிக்குப் பகல் ரயில், வசதிக்கு இரவு ரயில். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு டிக்கெட்டைத் தொடுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மேற்கே போடி, கிழக்கே பாம்பன், தென்மேற்கே செங்கோட்டைக் கணவாய் என மூன்று திசையிலும் பகலில் ஓடும் ரயில் இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரும்.

போடி: அரைநாள் ஒத்திகை

குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். சுமார் 90 கி.மீ. தூரம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீட்டர் கேஜ் எனப்படும் பழைய குறுகிய பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையாகித் தேனி வரை 2022 மே மாதமும், போடிநாயக்கனூர் வரை 2023 ஜூனிலும் மறுபடி வண்டி வந்தது. தினசரி வண்டி காலையில் போய், மாலையில் திரும்பும்.

இதற்கு முன்பதிவு இல்லை. ரயில்ஒன் செயலியிலோ கவுன்டரிலோ சாதாரண டிக்கெட் எடுத்தால் போதும். பலர் சறுக்குவது இங்கேதான்: 199 கி.மீ.க்கு உட்பட்ட முன்பதிவில்லா டிக்கெட், எடுத்ததில் இருந்து 3 மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப் பின் கிளம்பும் முதல் வண்டியில் பயணத்தைத் தொடங்கத்தான் செல்லும். திரும்பி வருவதற்கும் சேர்த்துக் காலையிலேயே எடுத்து வைத்தால் மாலையில் அது வெறும் காகிதம். திரும்பும் டிக்கெட்டைப் போடியில் எடுங்கள். ராமேஸ்வரம் பயணத்துக்கும் இதே கணக்குதான்.

உசிலம்பட்டி வரை கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையைக் குடைந்த பள்ளத்துக்குள் வண்டி நுழையும்போது இரண்டு பக்கமும் கல்சுவர் எழும்பி வரும். அகலப்பாதைக்காக மறுபடி வெடி வைத்து அகலப்படுத்திய இடம் அது. வெளியே வந்ததும் நிலம் சட்டென்று விரியும். போகும்போது வலப்பக்கம் கொடைக்கானல் மலை, இடப்பக்கம் வருசநாட்டு மலை. தேனிக்குப் பிறகு மலை நெருங்கி வந்து, போடியில் வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். காலையில் மேற்கே போவதால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து மலைமேல் விழும். படம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. வடகிழக்கு மழை பெய்து முடிந்த டிசம்பர், ஜனவரியில் மலை பச்சையாக இருக்கும். ஏப்ரலில் போனால் வெந்த பாறைதான்.

போடியில் பகல் முழுக்க என்ன செய்வது என்றால், பஸ் பிடித்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு போய் வரலாம். ஆனால் திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனில் இருக்கும்படி இறங்கிவிடுங்கள். மலைச்சாலையில் மூடுபனி இறங்கினால் பஸ் ஊர்ந்துதான் வரும்.

பாம்பன்: இனி இரண்டு மூன்று நிமிடம்தான்

1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய பாலத்தில் வண்டி நடக்கிற வேகத்தில் போகும், கடலை நிதானமாகப் பார்க்கலாம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தின் நீளம் சுமார் 2.08 கி.மீ. அதில் மணிக்கு 75 கி.மீ. வரை போக அனுமதி உண்டு, நடுவே கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதியில் மட்டும் 50. கணக்குப் போட்டுப் பாருங்கள், கடல்மேல் இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். வண்டி முழு வேகத்தில் போகாத நாளில் கொஞ்சம் கூடும். கடல் தெரிந்த பிறகு பையில் கேமராவைத் தேடினால் பாம்பன் ஸ்டேஷன் வந்திருக்கும். ஆகவே மண்டபம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதே ஜன்னலுக்கு வந்துவிடுங்கள்.

எந்தப் பக்கம்? ராமேஸ்வரம் நோக்கிப் போகையில் இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் முதலதைப் பெண் கடல் என்பார்கள், இரண்டாவதை ஆண் கடல். அலையைப் பார்த்தாலே பெயரின் பொருத்தம் புரியும். காலையில் கிழக்கு நோக்கிப் போவதால் வெயில் எதிரே அடிக்கும், கடல் தகரம் போலப் பளபளக்கும். வலப்பக்கம் தெற்கு என்பதால் அந்தக் கூசல் இன்னும் அதிகம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் நீரின் பச்சையும் நீலமும் அதன் அசல் நிறத்தில் தெரியும். மாலையில் திரும்பும்போது அதே வடக்குப் பக்கம் உங்களுக்கு வலது கைப்பக்கம் வரும்.

மதுரை–ராமேஸ்வரம் 160 கி.மீ. சொச்சம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று சமவெளி நீண்டுகொண்டே போகும். இந்த மூன்று மணி நேரத்தைத் தூங்கிக் கழித்தாலும் நஷ்டமில்லை. உச்சிப்புளியில் விழித்துக்கொண்டால் சரி.

காற்று பலமாக அடித்தால் சிக்னல் சிவப்பாகவே நிற்கும், வண்டி கரையில் காத்திருக்கும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் ரயில் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ நின்றுவிடவும் கூடும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி பாசஞ்சரையே கடல் கொண்டுபோன வழி இது, அதனால் அந்தக் காத்திருப்புக்கு முணுமுணுக்க வேண்டாம். நவம்பர், டிசம்பரில் போவதானால் அன்றே திரும்பித்தான் ஆக வேண்டும் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

செங்கோட்டைக் கணவாய்: மூன்றில் மூத்தது

நேரம் ஒன்றே ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள். 1904-ல் மீட்டர் கேஜாகத் திறந்த பாதை, 2018-ல் அகலப்பாதையாக முழுமை பெற்றது. செங்கோட்டையில் இருந்து புனலூர் வரை பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று வண்டி குகைக்குள் புகுந்து, பள்ளத்தைத் தாண்டி, காட்டுக்குள் இறங்கும். இந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 30 கி.மீ.க்குள் என்பதால் பார்த்து முடிக்கவே நேரம் கிடைக்கும். பாம்பனில் கிடைக்காத நிதானம் இங்கே உண்டு.

சரியான வண்டி மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ், எண் 16327. முற்பகலில் மதுரையில் கிளம்பி, பிற்பகலில் மலையில் ஏறும். பாலருவி எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். ஆரியங்காவு அருகே இருக்கும் அருவியின் பெயர்தான், ஆனால் அந்த வண்டி கணவாயைக் கடப்பது இருட்டில். சென்னையில் இருந்து கொல்லம் போகும் வண்டியும் இரவு முடியுமுன் செங்கோட்டையைத் தொட்டுவிடும். அதே வண்டி மறுபக்கம் கொல்லத்தில் இருந்து சென்னைக்கு நண்பகலில் கிளம்புவதால், திரும்பும்போது அது நல்ல பகல் வண்டி.

எனவே ஒரு வழி: முதல் நாள் குருவாயூர் வண்டியில் கொல்லம் வரை போய், இரவு தங்கி, மறுநாள் காலை அஷ்டமுடிக் காயலில் படகு ஏறிவிட்டு, நண்பகலில் சென்னை எக்ஸ்பிரஸைப் பிடித்து மாலை மதுரையில் இறங்குவது. கணவாயை இரண்டு முறையும் வெளிச்சத்தில் பார்த்ததாகிவிடும். நேர அட்டவணை அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

டிக்கெட்டில் ஒரு நுணுக்கம். ஏசி பெட்டியின் ஜன்னல் மூடிய இரட்டைக் கண்ணாடி, பெரும்பாலும் சாயம் பூசியது, மழைத்துளி காய்ந்த தழும்போடு இருக்கும். இந்தப் பாதைக்கு ஸ்லீப்பர் வகுப்பே மேல். இரண்டு பேர் போனால் இரண்டு லோயர் எடுக்காமல், ஒரே தடுப்பில் ஒரு லோயரும் ஒரு சைடு லோயரும் எடுங்கள். உதாரணமாக 12-ம் 15-ம், அல்லது 20-ம் 23-ம். அப்படி எடுத்தால் வண்டியின் இரண்டு பக்கத்து ஜன்னலும் உங்கள் கையில். ஒரே பக்கத்தைக் குறிவைத்து எடுப்பதில் பயனில்லை. பெட்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதை டிக்கெட் சொல்லாது, ஒரு நாள் வலமாக இருந்த சைடு லோயர் மறுநாள் இடமாக வரும். 1 முதல் 8 வரை கழிவறைக்கு ஒட்டிய தடுப்பு, தவிர்த்துவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தென்காசி வரை மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கமாகக் கூடவே வரும். மலை ஏறிய பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்க வேண்டியதுதான். கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது அந்தக் கண்கள் உங்களுக்குத் தெரியாது. வண்டி வளைவதும், கீழே சாலை சின்னதாக ஓடுவதும்தான் தெரியும். பாலத்தையே படம் எடுக்க வேண்டுமானால் கீழே சாலையில் நிற்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள். குகை வரும் இடங்களில் கையையோ செல்போனையோ ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள், சுவர் மிக அருகில் வரும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம், குற்றால சீசனும் அதுவே. காடு கரும்பச்சையாகி, பாறை இடுக்கிலெல்லாம் தண்ணீர் வழியும். ஜன்னலை மூடித்தான் ஆக வேண்டிய மழையும் பெய்யும், துண்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, புளியோதரை போதும், மாலை வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி எடுத்துப் போனால் ராஜபாளையம் தாண்டுவதற்குள் புளித்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா ஜன்னலுக்கு வந்தால் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

ஊட்டி மலை ரயில்

இது மதுரையில் இருந்து ஒரே நாளில் ஆகாது. மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணி சுமாருக்கு வண்டி கிளம்பிவிடும் என்பதால் முதல் நாளே அங்கே போய்த் தங்க வேண்டும். பழநி, பொள்ளாச்சி வழியாகக் கோவை போகும் காலை ரயிலில் ஏறி இடப்பக்கம் உட்கார்ந்தால், அந்தப் பயணமும் மலையோரமாகவே கழியும். கோவையில் இருந்து மேட்டுப்பாளையம் 36 கி.மீ., பாசஞ்சர் ரயில் உண்டு.

46 கி.மீ. பாதை, 16 குகை, 208 வளைவு. கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறப் பல்சட்டம் இருக்கும், 12 அடி போனால் 1 அடி ஏறும் சரிவு. ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு ஏறும் வண்டிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. 60-வது நாள் காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் பிற்பகலில் ஊட்டியில் இருந்து இறங்கும் வண்டியைப் பாருங்கள், அதற்குப் போட்டி கொஞ்சம் குறைவு, நேரமும் குறைவு. அதுவும் இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி இடையே டீசல் எஞ்சினில் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறு–ஹில்குரோவ் பகுதியில் மண் சரிந்து அடிக்கடி ரத்தாகும். அந்த மாதங்களில் இதை நம்பி விடுதிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

வசதிதான் முக்கியம் என்றால்

இரவு ரயிலில் முதல் வகுப்பு ஏசி எடுங்கள். இதில் நான்கு பேர் அறையும், கூப்பே எனப்படும் இரண்டு பேர் அறையும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது படுக்கை எண் வராது, சார்ட் போடும்போதுதான் ஒதுக்குவார்கள். தம்பதியாகப் போனால் இருவருக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்து, கூப்பே விருப்பத்தைக் குறியுங்கள். தனித்தனி டிக்கெட் எடுத்தால் பிரிந்துபோக வாய்ப்பு அதிகம்.

கோல்டன் சாரியட் பெங்களூரில் கிளம்பும். அதன் தென்னாட்டுச் சுற்றில் தஞ்சாவூரும் செட்டிநாடும் வரும். 5 இரவுக்கு, 2024 டிசம்பர் சீசனில், இருவர் அறையில் ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய் சொச்சமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் இருந்தது. மதுரையில் இருந்து விடியற்காலை வந்தே பாரத்தில் ஏறினால் பகலில் பெங்களூர் கன்டோன்மென்ட் போய்ச் சேரலாம். செவ்வாய்க்கிழமை அது ஓடாது. எப்படியும் முதல் நாளே போய்விடுவது நல்லது, சுற்றுலா ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது.

பெரிய குடும்பம், அறுபதாம் கல்யாணம், ஊரோடு யாத்திரை என்றால் ஒரு பெட்டியையே வாடகைக்கு எடுக்கும் வழி உண்டு. ஐஆர்சிடிசி தளத்தில் முழுக் கட்டண முன்பதிவு என்று தேட வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முதல் 30 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம், பெட்டிக்கு 50,000 ரூபாய் வைப்புத்தொகை. அதில் சமையல் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ஸ்டேஷன் அருகே நிறுத்தியிருந்த அப்படியொரு சுற்றுலாப் பெட்டியில், ஒளித்து எடுத்து வந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். சிலிண்டர், மண்ணெண்ணெய், அடுப்பு எதுவும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் 3 ஆண்டு வரை சிறை. சமையல்காரரை அழைத்துப் போவதைவிட, இறங்கும் ஊர்களில் முன்கூட்டியே சாப்பாடு சொல்லி வையுங்கள். எத்தனை பேருக்கு என்பதோடு, வண்டி தாமதமானால் எத்தனை மணி வரை வைத்திருப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.